தோண்டாமல் வைத்த பெயர்

சமையலறைத் தொட்டியில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது கத்தி நழுவிக் கிழங்கைக் கீறிவிட்டது. வாடை மூக்கில் ஏறியது. பாதி இஞ்சி, பாதி மண்ணெண்ணெய். உடனே உன்னைத் திட்டினேன். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டு.

"யாரத் திட்டுறீங்க?" என்று கூடத்திலிருந்து என் மனைவி கேட்டாள்.

"செத்துப்போனவனை."

"அப்ப மெதுவாத் திட்டுங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கேக்குது."

மெதுவாகத் திட்டுவதற்கு எழுத்தைவிட நல்ல வழி இல்லை. அதனால் எழுதுகிறேன். இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள், நீ இல்லாமல் எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று தொடங்குவார்கள். நீ இல்லாததால் இங்கே எதுவும் வெறிச்சோடவில்லை. எங்கள் பாச்சாங் சாலையில் காலை நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. என் பள்ளியில், பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருக்கும் ஆறாம் படிவ மாணவர்கள் பூவின் குறுக்குவெட்டை வழக்கம்போலத் தப்பாகவே வரைகிறார்கள். நீ போய் ஓர் ஆண்டு ஆகப்போகிறது. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் ஒரு பிடிகூடக் குறையவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு செய்தி மட்டும் இருக்கிறது. அந்தச் செடி கிடைத்துவிட்டது. நம் செடி என்று சொல்ல வாய் வரவில்லை. நீ கெடுத்த செடி.

கதை தெரியாத மற்றவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஆதியிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள். உயிரோடு இருந்த காலத்தில் நீ யார் பேச்சையும் முடியும்வரை கேட்டதில்லை. இப்போது உனக்கு வேறு வழி இல்லை.

ரெம்பியாவைத் தாண்டி உள்ளே இருந்த ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். ஒரே தமிழ்ப்பள்ளி, பிறகு ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை. இருவருமே காட்டு இஞ்சிகளைப் பிடித்துக்கொண்டோம். உனக்கு விரிவுரையாளர் வேலை நிரந்தரமானது. நான் அதே துறையில் ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்த காலியிடத்துக்காகக் காத்திருந்தேன். நம் தோட்டத்துக்குப் பின்னால் நின்ற மலையை நம் ஆட்கள் கரடிமலை என்பார்கள். கரடியைப் பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. அந்த மலைதான் நம் இருவருக்கும் வேட்டைக்காடு.

காட்டு இஞ்சிகளில் ஒரு வகை உண்டு. அதன் இலைத்தண்டு ஓரிடத்தில் நிற்கும். பூ அதன் உச்சியில் வராது. சற்றுத் தள்ளி, சருகைத் துளைத்துக்கொண்டு தரையோடு தரையாகத் தலைநீட்டும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு அவை இரண்டு செடிகள். மண்ணுக்கு அடியில் ஒரு கிழங்கு அவற்றை இணைத்திருக்கும். ஆகவே நம் தொழிலில் ஓர் அரிச்சுவடிப் பாடம் இருக்கிறது: பூவையும் இலையையும் ஒரே செடி என்று எழுதுவதற்கு முன்னால் தோண்டு. கிழங்கு இங்கிருந்து அங்கே போய்ச் சேருகிறதா என்று கண்ணால் பார்.

நான் தோண்டுவேன். எந்தச் செடியானாலும், எவ்வளவு நேரமானாலும் தோண்டுவேன். அதற்காக நீ எனக்கு வைத்த பெயர் பெருச்சாளி. மாணவர்கள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவாய். "பெருச்சாளி வந்தாச்சு, மலைக்கு ஆபத்து," என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புகள் எல்லாம் இன்னும் என்னிடம் வரவில் இருக்கின்றன.

மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தெங்கேராவில் ஒரு தமிழ் முஸ்லிம் சாமான் கடையில் ஸ்பிரிட் வாங்குவோம். பறித்த செடிகளைப் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள்களில் மடித்து அடுக்கி, மேலே ஸ்பிரிட்டை ஊற்றிக் கட்டிவைத்தால்தான் காட்டு ஈரத்தில் பூசணம் பிடிக்காது. கடைக்காரரை அண்ணன் என்ற பொருளில் காக்கா என்போம். அவர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு தரவே மாட்டார்.

"தம்பி, ரெண்டு பேரும் படிச்ச புள்ளைங்க. இதக் குடிச்சாக் கண்ணு போயிரும்."

"குடிக்க இல்ல காக்கா, செடிக்கு ஊத்த."

"செடிக்குத் தண்ணிதானே ஊத்துவாங்க?"

"இது செத்த செடி காக்கா."

"அல்லா! செத்த செடிக்கு ஊத்தறதுக்கா யுனிவர்சிட்டியில சம்பளம் குடுக்குறாங்க?"

நீ அவர் தோளைத் தட்டிச் சிரிப்பாய். யாரையும் சிரிக்கவைத்து வேலையை முடித்துக்கொள்வது உனக்குக் கைவந்த கலை. நான் பின்னால் மூட்டையைச் சுமந்துகொண்டு நிற்பேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். மழைக்காலம். கரடிமலையின் கீழ்ச் சரிவில், ஓடையை ஒட்டி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த நீ திடீரென்று கத்தினாய்.

"டேய், வாடா! வந்து பாருடா இத!"

சருகில் முழந்தாளிட்டிருந்தாய். உனக்கு முன்னால் அது இருந்தது. கருஞ்சிவப்புச் செதில்கள், நடுவே மஞ்சள் உதடு, உதட்டின் நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு சிவப்புக் கோடு. அதுவரை எந்த நூலிலும் நான் பார்த்திராத பூ. அந்த வகைப் பூக்களுக்குக் காலையிலிருந்து மாலைவரைதான் ஆயுள், பிறகு கஞ்சியாய்க் குழைந்துவிடும். நாம் போனபோது அது முழுதாக விரிந்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஆளுயர இலைத்தண்டுகள் நின்றன.

"தோண்டணும்," என்றேன்.

"வந்துட்டான்லா பெருச்சாளி. மழை வருது பாரு. அட்டை வேற காலெல்லாம் ஏறுது."

"தோண்டாம எப்படிடா எழுதுவ?"

"இலை இங்க நிக்குது. பூ இங்க கிடக்குது. சுத்தி வேற ஆளே இல்ல. இது வேற யாரு வீட்டுப் பிள்ளையா இருக்கும்?"

"அதத் தோண்டிப் பாத்துச் சொல்லு."

"எல்லாத்தையும் தோண்டணும்னா நீ கிணறு வெட்டப் போயிருக்கணும்லா. டாக்டர் பட்டம் எதுக்கு?"

மண்வெட்டி காரிலேயே கிடந்தது. கனம் என்று சொல்லி அதை இறக்கவிடாதவன் நீ. நான் பாராங் கத்தியால் கிளறினேன். கத்தி கல்லில் போய் மோதியது. அதற்குள் நீ இலையை வெட்டிப் பையில் போட்டு, பூவைப் போத்தலில் இறக்கி, மூடியைத் திருகிவிட்டாய். "அடுத்த வாரம் மண்வெட்டியோட வருவோம். சத்தியமா," என்றாய். உன் சத்தியத்தை நம்பி அந்த வாரமே நான் சரவாக்கில் வேறொருவரின் கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். போகும்போதும் சொன்னேன்: நான் திரும்பி வந்து தோண்டிய பிறகுதான் எழுத வேண்டும். தலையை ஆட்டினாய்.

திரும்பி வந்தபோது ரெம்பியாவில் ஒரு ரொட்டி சானாய்க் கடையில் உட்காரவைத்து, அச்சான கட்டுரையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். புதிய இனம். பெயர் சூட்டியவர்கள் என்று உன் பெயர், அடுத்து என் பெயர்.

"உன் பேரும் போட்டிருக்கேன், பாத்தியா?"

"தோண்டினியா?"

"எந்நேரமும் தோண்டினியா தோண்டினியான்னு. சாப்பிடு முதல்ல, ஆறிடும்."

செடிக்கு நீ வைத்திருந்த பெயரைப் படித்தேன். ஒரு மனிதரின் பெயரை லத்தீனில் வளைத்து வைத்திருந்தாய்.

"யாரு இது?"

"டத்தோ."

"எந்த டத்தோ? டத்தோ பட்டம் வாங்கினவங்க ஊருக்குப் பத்துப் பேரு இருக்காங்களே."

"நம்ம தோட்டத்த வாங்கியிருக்காரே, அவரு. கேட்டத் திறந்துவிட்டது அவருதானே. அவரு மனசு வைக்கலேன்னா நாம அந்தப் பக்கமே போயிருக்க முடியாதுலா."

"கேட்டத் திறந்ததுக்கு ஒரு வாழைத்தார் கொண்டுபோய்க் குடுத்தாப் போதாதா? செடியோட பேரையா குடுப்பாங்க?"

நீ தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாய்: "பேரு சும்மாதானேடா கிடக்கு. யாருக்காவது குடுத்தா என்ன?"

சும்மா கிடந்த பெயரை நீ கொடுத்தாய். பதிலுக்கு அந்த டத்தோ என்ன கொடுத்தார் என்று நம் தோட்டத்து ஆட்களைக் கேள். நாம் பிறந்த லயத்து வரிசை வீடுகளை இடித்தார். என் அம்மாவும் உன் அம்மாவும் அடுக்குமாடியின் மேல்தளத்துக்கு மூச்சு வாங்க ஏறினார்கள். கரடிமலையின் கீழ்ச் சரிவு, நாம் முழந்தாளிட்ட அந்த இடம், மட்டமாக்கப்பட்டு வீட்டு மனைகளாயிற்று. அந்தப் பூவை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பெயர் மட்டும் நின்றது; அதை எங்கே எழுதினாலும் வைத்தவர்களான நம் பெயர்களும் பின்னாலேயே வரும். முறைப்படி வெளியாகிவிட்ட பெயரைப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. வைத்தவனே வந்து அழுதாலும் முடியாது. இதுதான் நம் துறையின் விதி.

பிறகு வெளிநாட்டு நிபுணர் ஒருவர் நம் மாதிரியை வாங்கிப் பார்த்தார். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் அதற்குச் சாட்சியாக ஒரு மாதிரியைச் சேமிப்பகத்தில் வைக்கவேண்டும். பெயர் அந்த மாதிரியோடு ஒட்டியே வாழும். அவர் பார்த்துவிட்டுச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினார். இலை, எந்தச் சாக்கடை ஓரத்திலும் முளைக்கிற சாதாரணக் காட்டு இஞ்சி. பூ, யாரும் அறியாத வேறொரு செடி. பெயர் வைத்தவர்கள் ஆட்டுத் தலையை மாட்டு உடம்பில் தைத்திருக்கிறார்கள். அந்தப் பூவின் உண்மையான இலை என்றைக்காவது கிடைத்தால், இந்தப் பெயர் எதற்குச் சேரவேண்டும் என்று அன்று முடிவு செய்துகொள்ளலாம்.

மனிதன் தவறு செய்வான். தோண்டச் சோம்பல்பட்டாய், அதை நான் மன்னித்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். துறைக் கூட்டத்தில் நீ சொன்ன ஒரு வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியாது. "களப்பணியில் நடந்த கவனக்குறைவு" என்றாய். களப்பணிக்காரன் யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தக்காரனான எனக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை. அங்கே இருந்த ஒருவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. உன்னைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"அப்படியா சொன்ன?"

"பொதுவாச் சொன்னேன்டா. உன் பேரச் சொல்லலியே."

"மலைக்கு எத்தன பேர் போனோம்?"

நீ சட்டைப்பையில் சாவியைத் தேடினாய். சாவி உன் கையிலேயே இருந்தது.

"டேய், புரிஞ்சுக்க. எனக்குக் குடும்பம் இருக்கு."

"எனக்கு என்ன, குருவிக்கூடா இருக்கு?"

காலியிடம் வந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இலை ஒரு செடி, பூ ஒரு செடி. அது நீங்கள்தானே?" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு என்னிடம் அவர்கள் கேட்டதெல்லாம் மரியாதைக்காக. நீ இணைப்பேராசிரியர் ஆனாய், பிறகு பேராசிரியர் ஆனாய். நான் பள்ளி ஆசிரியர் ஆனேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கை நான் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நீ படுத்த பிறகும் வரவில்லை. உன்னை எடுத்த அன்று தெருமுனை வரைக்கும் வந்தேன். சங்குச் சத்தம் கேட்டது. அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

மலைக்கு மட்டும் போவதை நிறுத்தவில்லை. டத்தோவின் பக்கம் அடைத்துவிட்டதால், மறுபக்கம் காட்டிலாகாவில் அனுமதி வாங்கி, சுற்றிக்கொண்டு ஏறுவேன். பள்ளி விடுமுறையும் மழையும் சேர்ந்து வரும்போதெல்லாம் ஏறினேன். முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சும்மா திரும்பி வந்தேன். இந்த முறை, இயந்திரம் இறங்க முடியாத ஓர் ஓடைப் பள்ளத்தில், சருகுக்குள் அதே கருஞ்சிவப்பு.

நின்றேன். பூ விரிந்திருந்தது. மஞ்சள் உதடு, சிவப்புக் கோடு. மண்வெட்டி என் தோளில் இருந்தது. மேல்மண்ணை எடுத்துவிட்டு, பிறகு கையாலேயே தோண்டினேன். கிழங்கு நாம் நினைத்திருக்கக்கூடிய பக்கம் போகவில்லை. கீழ்நோக்கி இறங்கி, ஒரு பாறைக்கு அடியில் நுழைந்து, வளைந்து, மறுபுறம் பெரணிப் புதருக்குள் போய் எழுந்தது. அங்கே இலைகள் இருந்தன. முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே கரும்பச்சை, திருப்பினால் கத்தரிப்பூ நிறம். பெரணிக்குள் கண்ணுக்கே தட்டுப்படாத சின்னச் செடி. அன்று சரிவிலும் இது எங்கோ ஒரு கல்லுக்கு அப்பால் நின்றிருக்கும். ஆளுயர இலையைப் பார்த்து ஏமாந்தோம். ஏமாந்தாய்.

தலையைத் திருப்பி, "பாத்தியாடா?" என்றேன். பின்னால் ஓடைதான் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பியதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வைத்த பெயர் எதற்குப் போகும் என்று முடிவு செய்யவேண்டியவன் நான். இலைக்குப் போனால், அது சாக்கடை ஓரத்து இஞ்சிக்கு ஒரு வேண்டாத மறுபெயராகிச் செத்துவிடும். பூவுக்குப் பெயரே இல்லை என்றாகும். அதற்கு நான் பெயர் வைக்கலாம், தனியாக, உன் நிழல் படாமல். ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியன் காலடியில் இன்னொரு புதிய இனம் வந்து விழப்போவதில்லை. என் வாழ்நாளுக்கு இது ஒன்றுதான். மாறாக, பூவுக்குப் போனால் நீ வைத்த பெயர் பிழைத்துக்கொள்ளும். விட்டுப்போன இலையை ஒட்டவைத்த வெறும் தையல்காரன் ஆவேன் நான்.

விதி என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரியும். மாதிரியில் இரண்டு செடி கலந்திருந்தால், முதலில் எழுதிய வருணனை எதற்கு அதிகம் பொருந்துகிறதோ அதற்கே பெயர். உன் வருணனையில் இலைக்கு வெறும் அளவுகள், பூவுக்குப் பக்கம் நிறைய. ஆனால் வாதாட ஓர் ஓட்டை இருந்தது. தாளில் ஒட்டியிருப்பது இலை, பூ தனிப் போத்தலில் கிடக்கிறது, ஆகவே முதன்மை இலைக்கே என்று ஒரு கெட்டிக்காரன் எழுதலாம். நான் கெட்டிக்காரன்தான். எழுதினேன். பூவுக்குக் கரடிமலையின் பெயரையே வைத்தேன். டத்தோவையும் உன்னையும் ஒரே வரியில் புதைத்துவிட்டு, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் உன் மனைவி கோமளா வந்தாள், உன் திதிக்கு அழைக்க. வாசலில் கிடந்த சேற்றுக் காலணியைத் தாண்டி உள்ளே வந்தவள் தொட்டியைப் பார்த்தாள்.

"என்னண்ணே, வீடெல்லாம் காட்டு மண்ணு?" பிறகு குரல் இறங்கியது. "இது அந்தச் செடியா?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்தப் பூப் படத்த ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருந்தாரு. அப்புறம் அவரே கழட்டி ஸ்டோர்ல போட்டுட்டாரு."

"ஏன்?"

"டயாலிசிஸ் போற வழியில நம்ம பழைய தோட்டம் வரும்லா. டத்தோ பேரு போட்ட போர்டு பெருசா நிக்கும். அதப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குவாரு. 'அந்தாளு பேரும் என் பேரும் ஒரே வரியில நிக்குது கோமளா'ம்பாரு." அவள் என் மனைவி கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே, அவரு சொன்னத அப்படியே சொல்றேன். 'பெருச்சாளி விடமாட்டான். என்னைக்காவது தோண்டி என் பேர எடுத்து வெளிய போட்டுருவான். போடட்டும், அதுதான் எனக்கு நிம்மதி'ம்பாரு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவன்."

"சொல்ல வாய் வரல அவருக்கு. நீங்களும்தான் வீட்டுப் பக்கம் வரலியே."

நான் தொட்டியிலிருந்த கிழங்கை எடுத்துத் துணியில் வைத்தேன்.

"எடுத்துருங்கண்ணே. அந்தப் பேரு வேணாம் அவருக்கு. திதிக்கு முன்னால எடுத்துட்டீங்கன்னா..."

"திதிக்குள்ள அச்சுல வராதும்மா."

"அச்சுல வராட்டி என்ன? எடுத்துட்டேன்னு நீங்க சொன்னாப் போதும். அவருக்குத் தெரிஞ்சிரும்."

அவளை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பியவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துக்கம் என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள். துக்கம் இல்லை. அடப்பாவி, இத்தனை காலம் நான் தீட்டித் தீட்டி வைத்த கத்தியை நீ உனக்கு மருந்தாகக் கேட்டு வைத்திருக்கிறாய்! உன்னை அந்த வரியிலிருந்து வெட்டினால் எனக்குப் பழி தீரும் என்று நினைத்திருந்தேன். உனக்கோ அது விடுதலை. கூட்டத்திலிருந்து நழுவினாய், கார் நிறுத்துமிடத்தில் நழுவினாய், இப்போது செத்த பிறகு பெயரிலிருந்தும் நழுவப் பார்க்கிறாய். அதற்கும் வேலைக்காரன் நான்.

கணினியைத் திறந்தேன். ஓட்டையை வைத்து எழுதியதையெல்லாம் அழித்தேன். விதிப்படி எழுதினேன். முதல் வருணனை பூவுக்கே பொருந்துகிறது, ஆகவே பெயர் பூவோடு நிற்கிறது. கீழே, நீ எழுதாமல் விட்டதை எழுதினேன். கிழங்கு எப்படிப் போகிறது, இலை எவ்வளவு, அடிப்புறம் என்ன நிறம், நரம்பு எப்படி ஓடுகிறது. ஒவ்வொன்றாக, உனக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. டத்தோவுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன். முதல் மாதிரி எடுத்த சரிவு இன்று இல்லை என்றும், அதை மட்டமாக்கியவரின் பெயரைத்தான் இந்தச் செடி சுமக்கிறது என்றும். இதழின் ஆசிரியர் குழு அதை வெட்டினாலும் வெட்டும். வெட்டினால் திரும்பவும் சேர்த்து அனுப்புவேன். காலையில் அனுப்பிவிட்டேன். எனக்கென்று தனியாக ஓர் இனம் இனி இல்லை. அதையும் உன் கணக்கிலேயே எழுதிக்கொள்.

எனவே நீ நிற்கிறாய். அந்தச் செடியைப் பற்றி இனி யார் எந்த நாட்டில் எழுதினாலும், டத்தோவின் பெயர், அடுத்து உன் பெயர், அடுத்து என் பெயர். மூன்று பேரும் ஒரே வரியில். இத்தனை ஆண்டுகளாக அந்த வரிக்கான கேலியை நான் மட்டும்தான் சுமந்தேன். உனக்குக் கூசும் என்று தெரிந்தேதான் நிறுத்தியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் திதிக்கு வருவேன். இந்த முறை தெருமுனையோடு திரும்பமாட்டேன். இலை போட்டுச் சாப்பிடுவேன். கோமளா கேட்பாள். "எடுக்க முடியாதும்மா, ரூல் அப்படி," என்பேன். அது பொய் இல்லை. மீதியை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: ரூல் வேறு மாதிரி இருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன்.

உன் சாம்பலைக் கரைத்தபோது என் கோபத்தையும் கரைத்திருக்கவேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு மலை தெரியாது. பள்ளத்தின் மேற்பக்கம் இன்னும் பார்க்கவில்லை. அங்கே பூக்கும் மாதம் எது, காய் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மழை விட்டதும் ஏறப்போகிறேன். இந்தக் கோபம் என்னிடம் இருக்கட்டும். இது எனக்கு முன்னால் நடந்து என்னை இழுத்துப்போகாவிட்டால், தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எதற்கு அந்த மலை ஏறப்போகிறேன்?